கிறிஸ்துமஸும் தமிழர் பெருநாளே: பினாங்கிலிருந்து ஒரு பார்வை

"உங்களுக்குப் பொங்கல் உண்டா?"

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டு, பொங்கல் விழாவிற்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது தோழி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் என் மனத்தைப் புண்படுத்தக் கேட்கவில்லை. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், கழகத்தின் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் வருபவள். ஆனால் கழுத்தில் சிலுவை அணிந்திருக்கிறாள். இவளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற குழப்பம்தான் அவருக்கு. "உண்டு" என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிட்டு மாவிலையைத் தொடர்ந்து கட்டினேன். அன்று சொல்லாமல் விட்ட மீதிப் பதிலே இந்தக் கட்டுரை.

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் ஏறக்குறைய 86 விழுக்காட்டினர் இந்துக்கள். ஏறக்குறைய 6 விழுக்காட்டினர் கிறிஸ்துவர்கள். நூற்றுக்கு ஆறு பேர் என்பதால் நம் தமிழ் மாணவர்கள் பலருக்குக் கிறிஸ்துமஸ் என்றவுடன் பேரங்காடியில் நிற்கும் பெரிய மரமும் பஞ்சுப் பனியும்தான் நினைவுக்கு வருகின்றன. அது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பண்டிகை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சுங்கைப் பட்டாணியிலிருந்து குடும்பத்தோடு ஜோர்ஜ்டவுனில் உள்ள என் பாட்டி வீட்டுக்குச் சென்று கிறிஸ்துமஸ் கொண்டாடும் எனக்கு அந்த எண்ணம் சரியன்று என்று தெரியும். ஏன் சரியன்று என்பதைக் காண்போம்.

பினாங்குக்கு முன்பே தமிழில் இருந்த சமயம்

பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியது 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் கடற்கரையில் கிறிஸ்துவம் வேரூன்றிவிட்டது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தமிழக முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்து 1545இல் நம் மலாக்காவுக்கும் வந்தார். ஆக, தமிழகத்துக்கும் இந்த மண்ணுக்கும் ஒரே துறவி நடந்து காட்டிய பாதை அது.

தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய இரண்டு ஆண்டுகள் உள்ளன. 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு சமய நூல் அச்சானது. அதில் இருந்தது தமிழ்தான். ஆனால் ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. பின்னர் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. அன்றிக் அடிகளார் என்று தமிழில் அழைக்கப்படும் போர்த்துக்கீசியத் துறவி மொழிபெயர்த்த நூல் அது. இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் எனத் தமிழர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நூலும் அதுவே. தமிழை வேற்று எழுத்திலிருந்து சொந்த எழுத்துக்குக் கொண்டுவர 24 ஆண்டுகள் ஆயின. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் இதற்கு வருவேன்.

பெயர்களிலும் இந்தத் தமிழைக் காணலாம். 'சவரிமுத்து' என்ற பெயரில் உள்ள சவரி சவேரியாரே. பவுல் என்ற பெயருக்கு இலத்தீனில் 'சிறியவர்' என்று பொருள். நம்மவர்கள் அவரைச் 'சின்னப்பர்' ஆக்கினார்கள். யோவான் என்றால் 'கடவுள் அருளுடையவர்' என்பது பொருள். அவர் 'அருளப்பர்' ஆனார். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவை நினைத்து வைக்கப்பட்ட பெயர்தான் ஆரோக்கியசாமி. வேற்று மொழிப் பெயரை அப்படியே சுமக்காமல் பொருளைத் தமிழாக்கிக்கொண்ட சமூகம் இது. வெள்ளைக்காரர் பண்டிகை என்று சொல்லும் முன் சின்னப்பனையும் அருளப்பனையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஜோர்ஜ்டவுன் வீதிகளில் ஒரு நடை

இனி பினாங்குக்கு வருவோம். லைட்டைத் தொடர்ந்து கெடாவிலிருந்து கத்தோலிக்கர்கள் இத்தீவுக்கு வந்தனர். மாதாவின் விண்ணேற்புப் பெருநாளான ஆகஸ்டு 15ஐ ஒட்டி வந்ததால் அவர்கள் எழுப்பிய ஆலயத்திற்கு விண்ணேற்பு அன்னை ஆலயம் என்று பெயர் வந்தது. முதல் ஆலயம் இருந்த தெருதான் இன்றைய லெபோ கெரெஜா. பக்கத்தில் இருப்பது லெபோ பிஷப். லெபோ கெரெஜாவிலிருந்து லெபோ சைனாவைக் கடந்தால் அடுத்தது லெபோ பாசார், அதாவது லிட்டல் இந்தியாவின் மையம். என் பாட்டி அதை இன்றும் 'கடைத்தெரு' என்றே சொல்கிறார். கோயில் தெருவுக்கும் கடைத்தெருவுக்கும் இடையே நடக்க ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை.

விண்ணேற்பு அன்னை ஆலயம் பின்னர் லெபோ ஃபார்குவாருக்கு இடம் மாறியது. 1955 முதல் 2003 வரை பினாங்கு மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலாக விளங்கியது. அதே தெருவில் உள்ளது 1818இல் கட்டி முடிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் சமயத்தாரின் புனித ஜோர்ஜ் தேவாலயம். அதன் வெள்ளைத் தூண்களைப் படம் பிடிக்காத சுற்றுப்பயணிகள் இல்லை. சென்னையில் 1815இல் கட்டப்பட்ட புனித ஜோர்ஜ் ஆலயத்தை ஒட்டியே இது வடிவமைக்கப்பட்டது என்பர். இதைக் கட்டும் வேலையில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். வெள்ளைக்காரர் கோயில் என்று நாம் கடந்து போகும் கட்டடத்திலும் நம்மவர் வியர்வை கலந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ்டவுன் கத்தோலிக்கர்களைப் பிரெஞ்சு மறைபணியாளர்கள் மொழிவாரியாகக் கவனித்தனர். விண்ணேற்பு ஆலயம் யுரேசியருக்கு. மெக்கலிஸ்டர் சாலையில் உள்ள வியாகுல மாதா ஆலயம் சீனருக்கு. பினாங்கு சாலையில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் தமிழருக்கு. தமிழ்க் கடற்கரையிலும் மலாக்காவிலும் பணியாற்றிய அதே சவேரியாரின் பெயர் பினாங்குத் தமிழரின் கோயிலுக்கு அமைந்தது மிகப் பொருத்தமே.

அந்தத் தமிழர்கள் வந்தது கப்பலில். என் பாட்டியின் அப்பா 1930களில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார். 1926 முதல் 1973 வரை அந்தக் கப்பல் இரு கரைகளுக்கும் இடையே ஓடியது. நம் வாசகர்கள் பலரின் தாத்தா பாட்டிகளும் அதில் வந்திருக்கலாம். ஒரே கப்பல் தளத்தில் திருநீறு பூசியவரும், தொப்பி அணிந்தவரும், செபமாலை வைத்திருந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து வந்தனர். இறங்கிய பிறகு எப்படி நாம் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஆனோம் என்பதுதான் எனக்கு வியப்பு.

வீட்டில் பெருநாள்

பாட்டி வீடு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராம் மாடியில் இருக்கிறது. மூன்று அறைகள். டிசம்பர் 23ஆம் நாளிலிருந்து அதில் பதினான்கு பேர் தூங்குவோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள் திருவருகைக் காலம் எனப்படும். அப்போது வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். வரவேற்பறை மூலையில் குடில் அமைப்போம். மூங்கிலும் வைக்கோலும் கொண்டு மாட்டுத் தொழுவம் செய்து, மாதா, சூசையப்பர், இடையர், ஆடு மாடுகளை வைப்போம். குழந்தை இயேசுவின் தொட்டில் மட்டும் 24ஆம் நாள் நள்ளிரவு வரை காலியாகவே இருக்கும். மார்கழிக் கோலத்தையும் பாட்டி விடுவதில்லை. வாசலில் இடம் இல்லாததால் நடைபாதையில் ஒரு சாண் அளவுக்குக் கோலம் போடுவார்.

பலகாரம் என்று பார்த்தால் தீபாவளிக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, அச்சு முறுக்கு எல்லாம் உண்டு. ஒன்றே ஒன்றுதான் புதிது. அது சூஜி கேக். ரவை, வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, பாதாம் பருப்பு சேர்த்துச் செய்வது. ரவையை வெண்ணெயில் கலந்து பல மணி நேரம் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் கேக் மணல்போல் நறநறக்கும். இது யுரேசியர் வீட்டுப் பலகாரம். புலாவ் திக்குஸ் கம்போங் செரானியில் வாழ்ந்த யுரேசியப் பெண்மணி ஒருவரிடம் பாட்டி இளவயதில் கற்றுக்கொண்டார். அந்தக் கம்பம் 1990களில் மேம்பாட்டுக்காக அகற்றப்பட்டுவிட்டது. செய்முறை மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

பினாங்கில் கிறிஸ்துமஸ் நடத்துவதற்குச் சில கணக்குகள் தெரிய வேண்டும். மேல்மாடி மலாய்க் குடும்பத்திற்கு வேண்டிய உணவை முஸ்லிம் கடையில் வாங்கித் தனித் தட்டில் வைப்போம். எதிர்வீட்டு மாமா ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார். மார்கழியில் அவருக்கு முட்டைகூட ஆகாது. அவருக்கென்று தனி எண்ணெயில் சுட்ட முறுக்கும் நெய் உருண்டையும் முதலில் எடுத்து வைக்கப்படும். கீழ்வீட்டுச் சீனப் பாட்டி மண்டாரின் ஆரஞ்சு கொடுத்தனுப்புவார். திறந்த இல்ல உபசரிப்பு என்று இன்று அரசாங்கமே மேடை போட்டு நடத்துவதை அடுக்குமாடிவாசிகள் கதவைத் திறந்து வைத்தே நடத்திவிடுகிறார்கள்.

எந்த மொழியில் பூசை?

இதுவரை சொன்னவை இனிப்பான செய்திகள். இனிச் சொல்லப் போவது எங்கள் குடும்பத்தில் கடந்த கிறிஸ்துமஸின்போது எழுந்த பிரச்சினை.

என் சித்தப்பா, அத்தை பிள்ளைகள் எட்டுப் பேர். அவர்களில் தமிழ்ப்பள்ளிக்குச் சென்றவர் எவரும் இல்லை. வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்துத் தெரியாது. 22ஆம் நாளே சித்தப்பா தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னார்: "அண்ணே, இந்த வருஷம் எல்லாரும் இங்கிலீஷ் பூசைக்குப் போயிடலாம். பிள்ளைங்களுக்குத் தமிழ்ப் பிரசங்கம் புரியல. பாதியில தூங்குதுங்க. கார் நிறுத்தவும் இடம் இருக்கு." அவர் சொன்னதில் தவறில்லை. பிள்ளைகளுக்குப் புரியாத வழிபாடு எத்தனை நாள் நிலைக்கும்?

பாட்டி சண்டை போடவில்லை. "நீங்க எங்க வேணா போங்கப்பா. என்னை மட்டும் தமிழ்ப் பூசையில எறக்கி விட்டுட்டுப் போங்க" என்றார். வீடு அமைதியாகிவிட்டது.

பாட்டி ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பிறகுதான் விளக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடைபெற்றது. அதற்கு முன் உலகெங்கும் கத்தோலிக்கத் திருப்பலி பெரும்பாலும் இலத்தீனில்தான் நடந்தது. பாட்டுகள் மட்டும் தமிழில் இருக்கும். "சாமியார் என்ன சொல்றாருன்னு சாமிக்கும் சாமியாருக்கும்தான் தெரியும். நாங்க செபமாலை சொல்லிக்கிட்டு இருப்போம்" என்று சிரித்தார். அச்சங்கத்திற்குப் பிறகே அந்தந்த மக்களின் மொழி பலிபீடம் ஏறியது. பாட்டிக்கு அப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டது. கடவுளோடு தன் மொழியில் பேசும் உரிமை அவர் கண்முன் கிடைத்த ஒன்று. அதே கண்முன் அது போய்விடக் கூடாது என்பதே அவரின் கவலை.

அன்று மாலை பங்கிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நள்ளிரவுத் திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். "பள்ளிக்கூடத்துல தமிழ் படிச்ச பிள்ள நீதானே, நீ வாசிம்மா" என்றார் பாட்டி. எசாயா நூலின் ஒன்பதாம் அதிகாரம். 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பை மடியில் வைத்து இரண்டு நாள் பயிற்சி செய்தேன். இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான் நடந்தது. பசியோடு உட்கார்ந்து படித்த தமிழ் எதற்குப் பயன்படும் என்று அன்று நினைத்ததுண்டு. பாட்டி எதிரில் அமர்ந்து என் லகர ளகர ழகரங்களைத் திருத்தினார். நான் வாசிக்கிறேன் என்பதால் சித்தப்பாவும் எல்லாரையும் அழைத்துக்கொண்டு தமிழ்ப் பூசைக்கே வந்தார்.

கோயிலில் பாட்டுத்தாள் கொடுத்தார்கள். இரண்டு விதத் தாள்கள். ஒன்று தமிழ் எழுத்தில். இன்னொன்று அதே பாட்டுகள் ரோமன் எழுத்தில். இளையோர் வரிசையில் பெரும்பாலும் இரண்டாவது தாளே சென்றது. என் தம்பி முறையானவன் ஒருவன் உற்சாகமாகப் பாடினான். ஆனால் 'வழி' என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'வலி' என்று பாடினான். அந்தத் தாளில் வழி, வலி, வளி மூன்றுக்கும் ஒரே வடிவம்தானே! அவன் மேல் குற்றமில்லை. தாளில் இருந்ததைத்தான் பாடினான்.

முன்பு சொன்ன இரண்டு ஆண்டுகள் இங்கேதான் எனக்கு நினைவுக்கு வந்தன. 1554இல் தமிழ் ரோமன் எழுத்தில் இருந்தது. 1578இல் தன் சொந்த எழுத்துக்கு வந்தது. இன்று நாம் மீண்டும் 1554க்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோமா?

ரோமன் எழுத்துத் தாளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அந்தத் தாள் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் வாயே திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அது ஊன்றுகோல். ஊன்றுகோல் பிடித்தவர் நடக்கப் பழக வேண்டும்.

டிசம்பர் 26

பினாங்குக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸின் மறுநாளும் மறக்க முடியாத நாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமிப் பேரலை தாக்கியது. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள். விடுமுறை நாளில் குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்றவர்களும் அவர்களில் இருந்தனர். அதே நாளில் கடலின் அக்கரையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அதில் அடங்குவர்.

அப்போது நான் கைக்குழந்தை. பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அப்பா கப்பல் ஏறிய கரையையும் இறங்கிய கரையையும் ஒரே அலை ஒரே நாளில் தாக்கியது. அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் 26ஆம் நாள் காலையில் குடிலுக்கு முன் இரண்டு மெழுகுவர்த்திகள் ஏற்றுவார். ஒன்று இக்கரைக்கு, ஒன்று அக்கரைக்கு. அதன் பிறகே மிச்சமிருக்கும் கறியைச் சூடு பண்ணுவார்.

கடந்த ஆண்டு அன்று மதிய உணவுக்குப் பின் அந்தத் தம்பி என்னிடம் வந்தான். "அக்கா, தொழுவம்னா என்ன?" என்று கேட்டான். குடிலைக் காட்டினேன். "அப்ப இந்த 'ழ' எப்படி எழுதுறது?" என்றான். பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பிறகு அகரத்திலிருந்து தொடங்கினோம். அன்று மாலைக்குள் பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் எழுதிவிட்டான். அவன் எழுதிய 'ஔ' இன்னும் சரியாக வரவில்லை. இந்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

முடிவாக

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். தமிழ் ஒரு சமயத்தாரின் மொழி அன்று. கோயில் மணியோசையிலும் பாங்கொலியிலும் ஆலயப் பாடலிலும் அது ஒலித்து வந்திருக்கிறது. தமிழ்க் கிறிஸ்துவரை 'நீங்கள்' என்று தள்ளி வைத்தால், அவர் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பக்கம் நகர்வதை நாமே வேகப்படுத்துகிறோம். அதே வேளையில் தமிழ்க் கிறிஸ்துவர்களாகிய நாங்களும் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாமல், ஆலயத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்க முடியாது. வாசிக்க ஆள் இருந்தால்தான் வாசகம் இருக்கும்.

நம் கழகங்கள் பொங்கலையும் தீபாவளியையும் சிறப்பாக நடத்துகின்றன. டிசம்பரில் ஒரு மாலை, தமிழ்க் கிறிஸ்துமஸ் பாடல்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டு எல்லாரும் சேர்ந்து பாடினால் என்ன? முறுக்கும் நெய் உருண்டையும் நான் கொண்டுவருகிறேன்.

பொங்கல் எங்களுக்கு உண்டு. பல ஆலயங்களில் தை முதல் நாளையொட்டிப் பானை வைத்துப் பொங்கி நன்றித் திருப்பலி நடக்கிறது. தோரணம் கட்டிக்கொண்டிருந்த அந்தத் தோழியைக் கடந்த கிறிஸ்துமஸுக்குப் பாட்டி வீட்டுக்கு அழைத்திருந்தேன். 25ஆம் நாள் மதியம் வந்தார். பாட்டி அவரைக் கேட்ட முதல் கேள்வி: "சாப்பிட்டியா ம்மா?"